பிடுங்காத கம்பு

லீக் என்ற சொல்லை இலுப்பூருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

1959, மே மாதம். நான் லூர்துநாதன், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், கைப்பந்துப் போட்டிக்குச் செயலாளர். வெள்ளிக் கோப்பை கொடுத்த ஷேக் பரீது ராவுத்தர் தலைவர். அதுவரை எங்கள் பக்கத்தில் நடந்ததெல்லாம் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். முந்தின வருஷம் சொந்த ஊரான ஆவூர் அணியில் ஆட நானும் அரிமளத்துக்குப் போயிருந்தேன். வருஷம் முழுக்கப் பயிற்சி, அரைமணி நேரத்தில் தோல்வி. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். இருபத்தெட்டு வயது ஆம்பளை அழலாமா என்று கேட்பவர்கள் ஒரு வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அந்த ஆத்திரத்தில்தான் நோட்டீஸ் அடித்தேன். இலுப்பூர், அரிமளம், கந்தர்வக்கோட்டை, கோட்டைப்பட்டினம் என நாலு அணி. வெள்ளி, சனி, ஞாயிறு காலை என்று ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் மோத வேண்டும்; இதுதான் லீக். அதிக வெற்றி பெற்ற இரண்டு அணிகளுக்கு ஞாயிறு மாலை ஃபைனல்.

ராவுத்தருக்கு இது பிடிக்கவே இல்லை. “தோத்தவன் மறுநா வந்து ஆடுறதாங்க? மானமுள்ளவன் வருவானா வாத்தியாரே?”

“வருவாங்க ராவுத்தரய்யா. ஒரு அணி வராமப் போனாலும் நான் செயலாளர் பொறுப்பை விட்டுர்றேன். அப்புறம் காலத்துக்கும் நாக்-அவுட்டே வச்சுக்கங்க.” கமிட்டி முழுக்க உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். கோபக்காரனுக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிடும்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். எங்கள் பக்கத்தில் சடுகுடு காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அணியும் களத்தோரம் ஒரு மூங்கில் கம்பு நட்டுத் துண்டைக் கட்டும். தோற்றால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடும். பிடுங்கிய களத்தில் மறு வருஷம்வரை கால் வைக்கக் கூடாது. நோட்டீஸில் ஆறு விதி எழுதிய நான், கம்பைப் பிடுங்காதீர்கள் என்று ஏழாவதாக ஒன்று எழுதவில்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முதல் ஆட்டம். கந்தர்வக்கோட்டையைக் கோட்டைப்பட்டினம் அடித்துப் போட்டது. நான் ஆபீஸ் அறையில் ஸ்கோர் எழுதிவிட்டு வெளியே வந்தால், கந்தர்வக்கோட்டைக் கம்பு இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. ஆட்களையும் காணோம். அடுத்த ஆட்டத்தில் அரிமளம் தோற்றதும் ஓடிப்போய் அவர்கள் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் சிரித்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. “நாளைக்கு நாலு மணிவரைக்கும் பாப்போம்” என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, புதுக்கோட்டையில் மாறிக் கந்தர்வக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். அணித் தலைவன் ராக்கன் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“வாங்க மாஸ்டர், தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டினான்.

“தண்ணி கெடக்கட்டும். நாலு மணிக்கு ஒனக்கு இலுப்பூரோட ஆட்டம். இங்க என்னப்பா பண்றே?”

“நாங்கதான் தோத்துட்டோமே?”

“தோத்தது ஒண்ணு. இன்னும் ரெண்டு இருக்கு. ஆளுக்கு மூணு ஆட்டம்னு நோட்டீஸ்ல போட்டேன்ல?”

“படிச்சோம் மாஸ்டர். ஜெயிக்கிறவனுக்குத்தான் மூணுன்னு நெனச்சோம்.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? கெளம்பு.”

ராக்கன் தரையைப் பார்த்தான். ஆட வேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. “கம்பப் புடுங்கிட்டோமே மாஸ்டர். அந்தக் களத்துல எப்படிக் கால் வைக்கிறது? எங்க ஆத்தாவே சோறு போடாது.”

எனக்குக் கோபம் வரவில்லை. அரிமளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தோற்ற மைதானத்தை மிதிக்காமல் அரை மைல் சுற்றிப் போனவன் நான்.

“அந்தக் களத்துலதானே வைக்கக் கூடாது? நான் வேற களம் போடுறேன். அதுல வைப்பீங்கல்ல?”

ராக்கன் நிமிர்ந்தான். பொறுக்கிய கொட்டையைக் கூடையோடு மரத்தடியில் வைத்துவிட்டு மற்ற ஐந்து பேரையும் கூப்பிட ஓடினான்.

மூன்று மணிக்கு இலுப்பூரில் இறங்கினோம். மைதானத்தில் கம்பு வரிசைக்கு மேற்கே பழைய களம், கிழக்கே நெருஞ்சி மண்டிய தரிசு. ஆறு பேரும் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். நான் நேராகப் போய் வலைத்தூணை அசைத்துப் பிடுங்க ஆரம்பித்தேன்.

“கிறுக்குப் புடிச்சிருச்சாங்க?” என்று ராவுத்தர் ஓடி வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற ஆறு பேரையும் பார்த்தார்.

“மானமுள்ளவனுகதான்” என்றார். “வந்தும் இருக்கானுக.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தூணின் மறுமுனையைத் தூக்கினார். “எங்கிட்டு நடணும், சொல்லுங்க.”

தலைவரே தூண் சுமந்தால் ஊர் சும்மா நிற்குமா? மண்வெட்டி வந்தது, சுண்ணாம்பு வந்தது. ஒரு மணி நேரத்தில் நெருஞ்சிக் காடு களமாகிவிட்டது. ராக்கனின் ஆட்கள் வேலியோரமாகச் சுற்றி, பழைய களத்தை மிதிக்காமல் புதியதில் கால் வைத்தார்கள். அன்று எங்கள் இலுப்பூரை வென்றார்கள். ஞாயிறு காலை அரிமளத்தை வென்றார்கள். மூன்று வெற்றியோடு கோட்டைப்பட்டினம், இரண்டோடு கந்தர்வக்கோட்டை. ஃபைனல்!

கோட்டைப்பட்டினத்துத் தலைவன் சைபுல்லா படகு தள்ளிய தோள்காரன். அவன் அடித்த பந்து தரையில் பட்டுப் பனைமர உயரம் போனது. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் பதிமூன்றுக்குப் பதினாலு, ராக்கன் பக்கம் ஒரு பாயின்ட் கூட. ராக்கன் எம்பினான். எதிரணியில் மூன்று பேர் தடுக்க எம்பினார்கள். குள்ளன் ராக்கன் அடிக்கவில்லை. விரல் நுனியால் பந்தை அவர்கள் தலைக்கு மேலே மெல்லத் தட்டிவிட்டான். அது ஆளில்லாத இடத்தில் போய் விழுந்தது.

இலுப்பூரே கத்தியது. தன் ஊரைத் தோற்கடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

சைபுல்லா என்னிடம் வந்தான். “மூணு ஆட்டம் ஜெயிச்சோம் மாஸ்டர். இவங்களையும் ஒரு தரம் ஜெயிச்சோம். நாங்க தோத்தது இது ஒண்ணுதான். கோப்பை அவங்களுக்கா?”

அவன் கேட்டது நியாயம். “ஆமா தம்பி. விதி அப்படி” என்றேன்.

அவன் விறுவிறுவென்று தன் கம்பை நோக்கி நடந்தான். கூச்சல் அடங்கிவிட்டது. போச்சு, லீக் இத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். சைபுல்லா கம்பை ஒரு கையால் பிடித்தான். குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தான். கம்பின் தலையில் ஓங்கி நாலு அடி அடித்தான். கம்பு ஒரு முழம் உள்ளே இறங்கியது.

“கெடக்கட்டும். எங்களுக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. அடுத்த வருசம் வாரேன்” என்றான்.

மூன்று ஆட்டமும் தோற்ற அரிமளத்துத் தலைவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். “அண்ணே, அந்தக் கல்ல இங்கிட்டுக் குடுங்க!”

ராவுத்தர் என் தோளில் கை வைத்தார். “செயலாளரே, அடுத்த வருசம் எட்டு அணி கூப்புடுங்க. எல்லாம் லீக்குதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.