திரும்பாத தட்டு

அடுப்படியில் பாடுகிற பெண்ணுக்குப் பெண்டாட்டியை இழந்த கிழவன்தான் வாய்ப்பான் என்பது பதாக் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பயந்து முப்பது வருஷம் அடுப்பு முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தாள் கஸிமிரா. அப்படியும் நாற்பத்திரண்டு வயதுவரை எவனும் வந்தபாடில்லை.

பக்கத்து வீட்டு தியோடுலோ பூண்டு பயிரிடுகிறவர். மனைவி செத்து நாலு வருஷம். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் கத்திரிச் செடியில பூச்சி இருக்கு பாரு," என்றார். அன்றிலிருந்து கஸிமிரா அடுப்படியில் பாடினாள். குரல் என்னவோ கழுதைக்குக்கூட ஆறுதல் தரும்.

"அக்கா, வாயை மூடு! கிழவன் வந்துருவான்!" என்று அலறினாள் தங்கை ரூஃபினா.

"வரட்டுமே. நான் என்ன கதவையா சாத்தி வச்சிருக்கேன்?"

வந்தார். விடைபெற்றுக்கொள்ள வந்தார். மணிலாவில் இருக்கும் மகள் தன்னோடே இருந்துவிடச் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ். போகிற அன்றைக்கு ரூஃபினாவும் அவள் புருஷனும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் முக்கில் பஸ் ஹாரன் கேட்டது. தியோடுலோ பையோடு எழுந்தார். மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருவர் பயணம் கிளம்பினால், இருப்பவர்கள் தட்டை ஒரு சுற்று திருப்ப வேண்டும். இல்லையென்றால் போகிறவருக்கு வழியில் ஆபத்து. ரூஃபினா திருப்பினாள். அவள் புருஷனும் திருப்பினான். கஸிமிரா தன் தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தட்டு!"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல."

ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. திருப்பினால் போய்விடுவார். திருப்பாமல் விட்டு பஸ் கவிழ்ந்தால்? போனாலும் பரவாயில்லை, மனுஷன் உயிரோடு இருக்கட்டும். கண் நிறைய, தட்டை மெல்லத் திருப்பப் போனாள்.

தியோடுலோ பையைக் கீழே வைத்துவிட்டு, தட்டின் விளிம்பில் கட்டைவிரலை அழுத்தி ஊன்றினார்.

"இரு, இரு. என்ன அவசரம்? மெதுவாச் சாப்பிடு."

"பஸ் போயிரும்."

"தட்டு திரும்பாம வண்டி ஏற எனக்கென்ன பைத்தியமா?"

பஸ் இன்னொரு தடவை கத்திவிட்டுப் போய்விட்டது. ரூஃபினாவின் புருஷன் சிரிப்பை அடக்கப் பாகற்காயை வாயில் திணித்துக்கொண்டான்.

தியோடுலோ உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா, கஸிமிரா? அதான் நான் வந்துட்டேனே. இனிமேலாவது அந்தப் பாட்டை நிறுத்தலாம்ல?"