முதல் நாள் புள்ளி

வலது காலின் கட்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு இடது காலுக்கு வந்தபோதுதான் மருமகளின் கை நின்றது. காஸ் துணிக்கு அடியில், புண்ணின் மேல், தீப்பெட்டி அளவில் வெளுத்த சவ்வு ஒன்று படிந்திருந்தது. அவளுடைய சவ்வு. ஆறு வருடமாக ஆய்வகத்தில் ஊசிமுனைக்கு மின்சாரம் பாய்ச்சி அவள் இழுத்த இழை. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குதான், உள்ளே மாதுளைத் தோலின் சாறு. ஆறாத புண்ணின் மேல் வைத்தால் பத்து நாளைக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று கட்டுரை எழுதியதும் அவள்தான்.

கட்டிலில் கிடந்த அத்தை முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ். காலையில் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து, இருதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். குளிப்பாட்டுவதற்கு முன், சர்க்கரைப் புண்ணுக்குப் போட்டிருந்த கால் கட்டுகளை எடுக்க வேண்டும் என்றதும், அதுவரை அழுத சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு நகர்ந்தார்கள்.

உயிரோடு இருந்தவரை அத்தை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பஞ்சு மிட்டாய் வந்தாச்சா?" என்பார். விருந்தாளி யாராவது இருந்தால் இன்னும் உற்சாகம். "குப்பையில போடற தோலை ஊசியில விட்டு இழுத்தா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க. நான் ஆயுசு பூரா சீழ் துடைச்சேன், எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. இவ எலிக்கு வைத்தியம் பாக்கறவ. மனுஷப் புண்ணைப் பாத்தா மயக்கம் போட்டுடுவா."

மருமகளும் சளைத்தவளில்லை. கிழவியின் விஞ்ஞானம் அயோடினோடு முடிந்துவிட்டது என்று மனசுக்குள் என்றைக்கோ தள்ளிவைத்திருந்தாள்.

"இத யாரு குடுத்தா?"

கதவோரம் நின்ற கணவன், தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பதினோரு வருடம் வாயைத் திறக்காமலே ஓட்டிய பிள்ளைப்பூச்சி, தரையைப் பார்த்தான்.

"அம்மாவேதான் எடுத்தாங்க. மாநாட்டுல காட்டறதுக்குன்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தியே, அந்த டப்பாவுலேர்ந்து. ஒரு காலுக்கு இது, இன்னொரு காலுக்கு வெறும் காஸ். தினமும் ஸ்கேல் வெச்சு அளந்தாங்க."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?"

"அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

கணுக்காலைச் சுற்றிய பிளாஸ்திரியில் பேனா எழுத்து. கட்டின் மேல் தேதி போடும் வார்டுப் பழக்கம்.

'1ஆம் நாள்: மேல்துணி முழுக்கப் பழுப்புக் கறை. 2: கறை இல்லை. 3: இல்லை. 9: இல்லை. புண் இடது 4 செ.மீ., வலதும் 4.' அதற்குக் கீழே இடம் போதாமல் நெருக்கி: 'பஞ்சு மிட்டாய்ச் சாறு முதல் நாளே கரைஞ்சு போச்சு. இதை நம்பிப் பத்து நாள் பிரிக்காம விட்டா உள்ளே அழுகும்.'

அவளுக்குத் தெரியாததில்லை. மருந்தில் முக்கால்வாசி முதல் நாளே கொட்டிவிடுவதைக் காட்டிய ஒரு புள்ளி அவளுடைய வரைபடத்திலும் இருந்தது. 'அது அசிங்கமா இருக்கும்மா, தூக்கிடு' என்றார் துறைத்தலைவர். தூக்கிவிட்டாள். தூக்கிய கையால்தான் இப்போது கத்தரிக்கோலைப் பிடித்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அந்தத் துறைத்தலைவரே வந்தார். சாவு வீட்டுக்கு அக்குளில் கோப்போடு வருகிற மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்க்கிற நேரம்தான் கட்டிலைப் பார்த்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. என்ன வயசு?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் குழு கூடுது. நாப்பது நோயாளிங்களுக்கு நம்ம சவ்வை வெச்சுப் பாக்க அனுமதி. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இந்த நேரத்துல கேக்கறேன்னு நினைக்காதே."

"நினைக்கறேன் சார்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தடுமாறினார்.

"பத்து நாள் வராது சார். முதல் நாளே எல்லாம் வெளிய வந்துடுது. எடுத்த புள்ளியத் திரும்பப் போடணும். அது வரைக்கும் நான் கையெழுத்துப் போடல."

"யார் சொன்னா?"

"எங்க அத்தை."

இந்த முறை அவர் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"புண்ணு."

"நீ துக்கத்துல பேசற. நாளைக்குப் போன் பண்றேன்" என்று கோப்பை மறுபடி அக்குளில் செருகிக்கொண்டு போனார். செருப்பைத் தேடும் சத்தம் வாசலில் கொஞ்ச நேரம் கேட்டது.

கணவன் தொண்டையைச் செருமினான். "அம்மா உன்னத் திட்டினாங்களே தவிர, மனசுக்குள்ள..."

"நீங்க பேசாம இருங்க. இத்தனை நாள் இருந்தீங்களே, அதே மாதிரி."

அவள் காலடியில் உட்கார்ந்தாள். சவ்வின் ஓரம் மட்டும் எழும்பியது. மற்றதெல்லாம் சதையோடு ஒட்டியிருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடும்.

"ஆச்சாம்மா? நேரமாகுது" என்று கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஃபிளாஸ்கிலிருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, சூடு பதமா என்று புறங்கையில் விட்டுப் பார்த்தாள். பஞ்சை நனைத்து ஓரத்தில் வைத்தாள்.

"ஒட்டிக்கிட்டிருக்கு. ஊறட்டும்" என்றாள்.