செவலையிடம் சொன்னவை

செவலைப் பசுவுக்கு அந்த வீட்டில் இரண்டு வேலை. பால் கொடுப்பது ஒன்று. அமிர்தவல்லிக்கும் பிச்சையாவுக்கும் நடுவில் நின்று பேச்சை வாங்கிக்கொள்வது இன்னொன்று.

தைப்பூசத்துக்குப் பழனி போனபோது ஆரம்பித்த வினை அது. பஸ் ஸ்டாண்டில் அமிர்தவல்லியின் அண்ணன் சேனாதிபதி, “மாப்ள, ஏ மாப்ள” என்று பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பிச்சையா திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தோடு நடந்துவிட்டார்.

“உன் வீட்டுக்காரரு பெரிய ஆளாயிட்டாரு தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அண்ணன் வந்த வழியே போனார்.

“எங்கண்ணன் கூப்பிட்டாக, ஏன் நிக்கல?” என்று கேட்டதற்குப் பிச்சையா, “யாரும் கூப்பிடலயே” என்றார். அந்தப் பொய்தான் அவளுக்கு ஆறவில்லை. அன்றோடு அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டாள்.

அதற்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? கோபித்துக்கொண்ட வீடுகளில் சுவரிடம் சொல்வார்கள், பூனையிடம் சொல்வார்கள். பள்ளங்கி மலைக்கிராமத்தில் இவர்கள் வீட்டில் செவலை இருந்தது.

“ஏ செவலை, கூரைத் தகரம் ஒழுகுது. பாக்குறதுக்கு இந்த வீட்டுல ஆம்பள இருக்காகளா?”

பிச்சையா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருப்பார். இரவெல்லாம் பங்களாக் காவல், விடிந்தால் செவலைக்குப் புல்லறுப்பு. தீட்டுகிற கை நிற்காது.

நேற்று திண்டுக்கல்லிலிருந்து மகள் தேவகுமாரி ஊர்க் கடைக்குப் போன் போட்டாள். “அப்பா மூஞ்சி குடுத்துப் பேசாட்டி நீ ஏம்மா அங்க கெடக்க? பஸ் ஏறி வா. இங்கயே இரு.”

காலையில் பால் பீச்சும்போது அமிர்தவல்லி கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

“ஏ செவலை, மக கூப்பிடுறா. போனா திரும்ப மாட்டேன். இருன்னு ஒரு சொல்லு வந்தா இருக்கேன்.”

முதுகுக்குப் பின்னால் பிச்சையா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆக, பதில் அவ்வளவுதான். அவள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

வளைவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு புல்லுக்கட்டு நடுரோட்டில் நடந்து வந்தது. கட்டுக்கு அடியில் பிச்சையா. அவர் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் ஆரன், மலையே அதிர்கிற மாதிரி. மாடாயிருந்தால்கூட ஒதுங்கியிருக்கும். அவர் நடை மாறவில்லை.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “ஏ பெருசு, காது அடைச்சுப் போச்சா?” என்றார்.

அதற்கும் அவர் திரும்பவில்லை.

தைப்பூசக் கூட்டத்தில் பார்த்த அதே முதுகு. அமிர்தவல்லி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டு சரிந்து விழுந்தது. அப்போதுதான் அவர் பஸ்ஸைப் பார்த்தார்.

“ஏறுறீங்களாம்மா?” என்றான் கண்டக்டர்.

அவள் புருசனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “எம்புட்டு நாளா?”

அவர் கண் அவள் உதட்டில் நின்றது. “எது?”

“காது.”

பிச்சையா சிதறிய புல்லைப் பார்த்தபடி சொன்னார். “போன மழைக்கு முன்னாடியே போச்சு. நீ பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவேன். வெளிய தெரிஞ்சா பங்களாவுல காவலுக்கு வைப்பாகளா?”

“எங்கிட்டச் சொன்னா என்ன?”

“சொல்லத்தான் இருந்தேன். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே. எனக்கு ஒரு சொல்லு கெடையாது, மாட்டுக்கிட்ட மட்டும் அப்படி என்னதான் பேசுவியோ. அந்தச் செவலையக் கண்டாலே எனக்கு எரிச்சலா வருது.”

தகரம், சோறு, அண்ணன், மகள் என்று இத்தனை நாள் கொட்டியதெல்லாம் மாட்டுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது.

“வெரசா சொல்லுங்கம்மா, நேரமாச்சு” என்றான் கண்டக்டர்.

அமிர்தவல்லி அவர் முன்னால் நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “காலையில செவலைகிட்ட ஒண்ணு கேட்டேன். மக கூப்பிடுறா. போகவா, இருக்கவா?”

அவர் அப்போதுதான் பையைக் கவனித்தார். முகம் மாறியது.

“இரு” என்றார். சிதறிய புல்லை அள்ளிக் கட்டியபடி, “இத்தன நாளு பேசாததையும் சேத்துப் பேசு. என்னையப் பாத்துப் பேசு.”

கண்டக்டர் விசிலடித்தான். பஸ் பனிக்குள் போனது.

“எங்கண்ணனுக்கு இன்னைக்கே போன் போட்டு நடந்ததச் சொல்லணும்.”

“காதப் பத்தியா?”

“அவுக ஊரெல்லாம் சொல்ற ஆளு இல்ல.”

இறக்கத்து ஒற்றையடிப் பாதையில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. அவள் பையோடு முன்னால் போனாள். ரெண்டு எட்டு வைப்பதும் திரும்பி நின்று பேசுவதுமாக இருந்தாள்.

“முன்னாடி பாத்து நட. விழுந்து தொலைக்காத” என்றார் பிச்சையா, கட்டுக்கு அடியிலிருந்து.

“கூரைத் தகரம் ஒழுகுதுன்னு சொன்னேன்ல?”

“எப்பச் சொன்ன?”

“செவலையக் கேளுங்க” என்றாள்.