பூட்டி வைத்த பாட்டு

கறுப்பர் குடியிருப்பான நியூ பிரைட்டனில் எங்கள் தெருக்கோடி அரங்கில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜாஸ், ஐந்து மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்து மூடிப் பழைய படம். என் சமையலறை ஜன்னல் அந்த வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அது வீட்டைக் கட்டியவன் செய்த தவறு. யார் இரட்டை நிறக் காலணியை இரவல் வாங்கிப் போட்டு வருகிறார், யார் மனைவியை விட்டுவிட்டுத் தொப்பியோடு மட்டும் வருகிறார் என்பதெல்லாம் பாத்திரம் கழுவும்போது தானாகக் கண்ணில் படும்.

அதனால்தான் மொங்கேசி மூன்று மாதமாக அரங்க அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததை முதலில் பார்த்தவள் நான். எங்கள் ஜாஸ் சங்கத்தின் சாக்ஸபோன்காரர். கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் பெயிண்ட் அடித்து, நுரையீரலை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர். ஊதுவதை விட்டுப் பல வருடமாகிறது. தெருவைக் கடக்கவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அப்படிப்பட்டவர், ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தருவித்துப் போடச் சொல்லி நச்சரித்தார். எங்கள் ஊரிலேயே எடுக்கப்பட்டு, அந்தக் காலத்து வெள்ளை அரசால் தடை செய்யப்பட்ட படம். அதில் ஒரு கல்யாணக் காட்சி உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடுவார்கள்.

பெண்கள் ஆடினால் அதில் அவருக்கு வேண்டிய ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? ஊகமாகத்தான் சொன்னேன், அதுவும் ரொட்டிக் கடையில் மூன்று பேரிடம் மட்டும். மறுநாளே அது அவர் மனைவி நோபந்துவின் காதுக்குப் போய், அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பசியோடு மொங்கேசி என் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்கார்ந்து, மூச்சு திரும்பும்வரை காத்திருந்து, உண்மையைச் சொன்னார்.

எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவரும் தன் சவப்பெட்டியை இறக்கும்போது ஊத வேண்டிய பாட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தலைவர் மக்வெத்து அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அன்று முதல் ஆள் சாகும்வரை அந்தப் பாட்டை யாரும் ஊதக்கூடாது, உரியவரும்கூட. ஊதினால் சாவைக் கைதட்டிக் கூப்பிட்டது போல. ஒருமுறை ஒத்திகையில் தவறிப்போய் ஒருவருடைய பாட்டை ஊதிவிட, மனிதர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். அவருக்கு எண்பத்து நான்கு வயது, தினமும் ஒரு பாட்டில் பிராந்தி வேறு என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இந்த விதியை எழுதியது மொங்கேசியேதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் செயலாளராக இருந்த மிதப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, தானே கட்டிய பாட்டை முதல் ஆளாகப் பெட்டிக்குள் போட்டார். அது எந்த இசைத்தட்டிலும் இல்லை. அந்தப் படத்தில் மட்டும், கல்யாணக் காட்சியில், இரண்டரை நிமிடம் இளைஞன் மொங்கேசி ஊதுகிறான். பெட்டியைத் திறக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார். மக்வெத்து அவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"எப்படிப் போகும்னே மறந்துபோச்சு தங்கச்சி. நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க ஏறுதா எறங்குதான்னு தெரியல. போறதுக்குள்ள ஒரு தடவ கேட்டுட்டாப் போதும். படத்துல வந்தா சங்கம் ஊதினதா ஆகாதுல்ல?"

யாரிடமும் சொல்லாதே என்றார். தலையாட்டினேன். ஆனால் என்னால் அணைந்த அடுப்பாயிற்றே என்று, துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக நோபந்துவிடம் சொல்லிவிட்டேன். நிம்மதியடைவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த ஈரச் சட்டை மண்ணில் விழுந்தது.

"ஒரு பொம்பளையா இருந்திருந்தாப் பரவாயில்லையேக்கா" என்றாள்.

படம் போட்ட ஞாயிறன்று அரங்கில் இடமில்லை. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. மொங்கேசி வெளிர்நிற சூட் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் ஓட்டுபவனைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி வை, எனக்குக் காது மந்தம் என்று இரண்டு முறை சொன்னார்.

கல்யாணக் காட்சி வந்தது. பெண்கள் ஆடினார்கள். ஒல்லியாக ஒரு பையன் சாக்ஸபோனை உதட்டுக்குக் கொண்டுபோனான். அப்போது நோபந்து எழுந்து சுவரோரம் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். முதல் சுரம் வந்ததா இல்லையா என்று எங்களுக்குள் இன்றும் வாக்குவாதம்.

படம் ஊமையாக ஓடியது. படம் ஓட்டுபவன் ஓடி வந்தான். நோபந்து பிளக் இருந்த இடத்தை முதுகால் மறைத்து நின்றாள்.

"தொடாத தம்பி. இன்னும் கொஞ்ச நாள் வேணும் எனக்கு."

அவன் மக்வெத்துவைப் பார்த்தான். மக்வெத்து தன் காலணியைப் பார்த்தார். மற்ற யாரும் எழுந்திருக்கவில்லை, நானும்தான். திரையில் அந்தப் பையனின் கன்னம் உப்பி உப்பி வடிந்தது. கீழே கிழவரின் விரல்கள் முழங்கால் மேல் அவனைத் துரத்திக்கொண்டே போயின. ஓரிடத்தில் நின்றுவிட்டன. பையன் மட்டும் மேலே போனான்.

காட்சி முடிந்ததும் அவளே வயரைச் செருகினாள். மொங்கேசி திரும்பிப் பார்க்கவில்லை. படம் விட்டதும் இருவரும் கைகோத்துத்தான் வீட்டுக்குப் போனார்கள், இரண்டு இடத்தில் நின்று.

அவளுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அடுப்பு அணையவில்லை. ஆட்டுத்தலை, பீன்ஸ், இஞ்சி என்று ஏதாவது வாசனை வந்துகொண்டே இருந்தது. பேச்சுச் சத்தம் மட்டும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை மக்வெத்து தகரப் பெட்டியைத் திறந்தார். சனிக்கிழமை கல்லறையில் சங்கம் முழுவதும் தொப்பியோடு நின்று ஊதியது. குறை சொல்ல முடியாத பாட்டு. நடுவில் அந்த இடத்தில் அது ஏறியது.

முடிந்ததும் மண் தள்ள ஆட்கள் குனிந்தார்கள். நோபந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னொரு தடவ ஊதச் சொல்லுங்க. சத்தமா. அவருக்குக் காது மந்தம்."

கன்னம் வலிக்க ஊதினார்கள். அன்று கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்ததால், பாட்டில் பாதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.