எச்சில் பட்ட புன்னகை

...போய்விட்டது, அந்தச் சிரிப்பு போயே போய்விட்டது, பஞ்சுக் குச்சியின் நுனியில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் மிச்சம், இருநூறு வருஷமாக ஒரு ராஜகுமாரியின் உதட்டில் இருந்ததை நான் காது குடைகிற குச்சி மாதிரி விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஊதினால் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளுமா, என்ன யோசனை இது, ஊதாதே, மூச்சுகூட விடாதே, நீ இதுவரை செய்தது போதும். எல்லாம் இந்த நாக்கால் வந்தது. எச்சிலைப் போல ஒரு மருந்து கிடையாது, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், வெளியாருக்கு மட்டும் சொல்லமாட்டோம்; பழைய எண்ணெய் ஓவியமா, பஞ்சை நாக்கில் தொட்டு மெல்ல உருட்டு, வார்னிஷ் மேல் படிந்த புகையும் கைரேகையும் கூடவே வந்துவிடும், அடியில் வண்ணம் கல் மாதிரி நிற்கும். மந்திரிகள், பிஷப்புகள், குதிரைகள், எத்தனை பேர் மூஞ்சியில் இப்படி எச்சில் வைத்திருக்கிறேன், ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் இது எண்ணெய் இல்லை, வார்னிஷும் இல்லை. தீப்பெட்டி அகலத்தில் ஒரு தந்தச் சில்லு, அதன்மேல் பிசினில் குழைத்து ஒட்டவைத்த நீர்வண்ணம், காவலுக்கு இருந்தது ஒரே ஒரு கண்ணாடி, அதையும் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டாள் என் மனைவி. சிற்றோவியங்கள் அவள் இலாகா, பெரிய படங்கள் என்னுடையது, நடுவில் ஒரே மேஜை, ஒரே விளக்கு.

காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “அதைத் தொடாதீங்க.” நீங்க! கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ரப்பரால் அழித்தவர்கள் நாங்கள், நீ வா போதான் எப்போதும், எங்கள் வீட்டில் ‘நீங்க’ வந்தால் போர் மூண்டுவிட்டது என்று அர்த்தம், இந்தத் தடவை சில வாரங்களாகவே மூண்டிருக்கிறது. வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டதிலிருந்து. இன்றைக்கு அவர்களைத்தான் பார்க்கப் போயிருக்கிறாள். போவாளா மாட்டாளா, அதைத்தானே நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எத்தனை விதமாகக் கேட்டுவிட்டேன்... “அங்க எனக்கும் ஒரு ஸ்டூல் போடுவாங்களா, வாட்ச்மேன் பக்கத்துல?” என்று ஒருநாள். “அரும்பொருள்னு சொல்லி என்னையும் ஒரு கண்ணாடிப் பெட்டில வெச்சிடேன்” என்று இன்னொரு நாள். அவளும் பதில் சொல்லாமல் இல்லை. “டீ ஆறுது.” “விளக்கை இந்தப் பக்கம் திருப்புங்க.” “பெட்டிக்கு வாடகை யார் தர்றது?”

அப்புறம் ஏன் தொட்டாய், மடையா? அந்த ஈயால். கீழுதட்டுக்கு ஓரத்தில் எந்தக் காலத்திலோ ஒரு ஈ எச்சம் போட்டுவிட்டுப் போன கரும்புள்ளி, அதை எடுக்க அவள் மூன்று நாளாகப் பூதக்கண்ணாடியும் ஊசியுமாகக் குனிந்து கிடந்தாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தேன், சரி, திரும்பி வரும்போது புள்ளி போயிருந்தால் முகம் கொஞ்சம் மலராதா, ‘அட, நீயா செஞ்சே?’ என்று பழைய நீ திரும்பி வராதா... அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வேண்டும் என்று போய் இவள் முகத்துச் சிரிப்பை எடுத்துவிட்டேன். ஈ மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஈ வேலை சுத்தம்!

சாயங்காலம் படத்தின் சொந்தக்காரி வருவாள். பல் டாக்டர். வேறு தொழிலே கிடைக்கவில்லையா உனக்கு, தாயே? அவள் கிளினிக் போர்டில் பெரிதாக வரைந்து வைத்திருப்பது இதே சிரிப்பைத்தான், “எங்க குடும்பத்துல பொண்ணுங்க எல்லாருக்கும் இந்தச் சிரிப்பு, பாத்தீங்களா?” என்று அன்றைக்கு எல்லாப் பற்களையும் காட்டினாள், நானும் எண்ணுகிற மாதிரி பார்த்தேன். கதையும் சொன்னாள்: பெண் கேட்டு அனுப்பிய தூரதேசத்து அரண்மனைக்கு இந்தப் படம்தான் போயிற்றாம், மாப்பிள்ளை சிரிப்பைப் பார்த்தானாம், மயங்கினானாம், அரசவை ஓவியனுக்குத் தங்கக் காப்புப் போட்டார்களாம். போடுவார்கள். அவனை எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போய்விட்டது. ஜால்ரா. பல் எடுப்பாக இருந்தால் உள்ளே தள்ளி, மூக்கு வளைந்திருந்தால் நிமிர்த்தி, கழுத்தில் இல்லாத முத்தைக் கோத்து, மூன்று முடி தூரிகையால் பொய் சொல்லிச் சாப்பிட்டவன். அதைவிட, உள்ளதைச் சொன்னால், என் மனைவி குனிந்தபடியே, “என்ன கை இது, என்ன கை” என்று அவனிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், செத்து இருநூறு வருஷம் ஆனவனிடம்! என் கையைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது, “கழுவிட்டு வாங்க.”

சரி, சேதத்தையாவது பார்ப்போம் என்று பூதக்கண்ணாடியை இழுத்தேன். பார்த்தால்... வெறும் தந்தம் இல்லை அங்கே. வாய் இருக்கிறது. இன்னொரு வாய், இறுக மூடிய வாய், ஓரங்கள் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், யாரிடமும் எதையும் கேட்கப்போவதில்லை என்கிற வாய். புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தது, கன்னத்தில் இருக்கிற அதே புள்ளிகள், அதே சாய்வு, அதே கை. அப்படியானால் அவன் இவளைச் சிரிக்காமல்தான் வரைந்திருக்கிறானா? இவள் அவனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியாத ஒருத்தனுக்கு அனுப்பத் தன்னை அளவெடுக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பாள், அவன் அந்த முறைப்பை அப்படியே வாங்கி வைத்திருக்கிறான், அப்புறம் எவனோ ஒரு திவான் எட்டிப்பார்த்து, என்னய்யா இது, பெண் பார்க்கிற படமா, எழவு வீட்டுப் படமா, சிரிக்க வை... இவனும் வைத்துவிட்டான். வைத்துத் தொலைத்தான். நானாக இருந்தால்? நான் திவான் சொல்வதற்கு முன்பே வைத்திருப்பேன்.

கதவு திறந்தது, என் மனைவிதான். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, என் வாயைப் பார்த்தாள், கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள்.

“தொட்டீங்களா?”

“தொடலை. நாக்குதான் லேசா பட்டுது.”

சிரிக்கவில்லை. என்னை ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டுக் குனிந்தாள், நான் கத்தலுக்குக் காத்திருந்தேன், கத்தியிருக்கலாம், கத்தினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். “ஈ அப்படியே இருக்கு” என்றாள். பிறகு, “இந்த வாய் இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்பலேருந்து?”

“முதல் நாளே. விளக்கைச் சாய்ச்சுப் பாத்தா சிரிப்பு மட்டும் தனியா மேடா நிக்கும். அதனாலதான் தொடாதீங்கன்னேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ஜோக்கடிப்பீங்க.”

ஒன்று தொண்டைவரை வந்தது, உண்மையாகவே வந்தது, பல் டாக்டரை வைத்து நல்ல ஜோக், விழுங்கினேன். “ஆனா கன்னத்துலயும் பஞ்சு பட்டுச்சு” என்றேன், “அங்க லேசா மங்கினதோட சரி. சிரிப்பு மட்டும் ஒரே தடவைல வந்துடுச்சு. அதுல பிசினே இல்ல போல.”

“மறந்திருப்பான்.”

“மத்த இடத்துல மறக்கலையே.”

அவள் பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். வேண்டுமென்றே செய்திருப்பானோ, அந்த ஜால்ரா? காப்பையும் வாங்கிக்கொண்டு, சொன்ன சிரிப்பையும் வைத்து, ஆனால் நிற்காத மாதிரி வைத்து, என்றைக்காவது எவனாவது ஒரு முட்டாள் எச்சிலைத் தொட்டு உருட்டட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருப்பானோ? தெரியாது. யாரைக் கேட்பது.

“அந்தம்மா வர்றதுக்குள்ள நான் திரும்ப வெச்சிடறேன்” என்றேன், கை தானாகவே மெல்லிய தூரிகையை எடுத்து ஈரமாக்கியிருந்தது, “யாருக்கும் தெரியாது.”

“வைங்க. ஆளுங்களைச் சிரிக்க வெக்கறதுல உங்களுக்குத்தான் அவ்வளவு சாமர்த்தியமாச்சே.”

அது அப்படியே உள்ளே இறங்கியது. நண்பர்கள் வீட்டில் நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் பக்கத்தில் அவள் முகத்தில் சரியான இடத்தில் சரியாக வந்த சிரிப்பு, எனக்கே உரியது என்று நான் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்த சிரிப்பு, அதில் எத்தனையில் பிசின் இருந்தது? எத்தனை நாளாக இல்லை? தெருவில் ஒரு கார் நின்று கதவைச் சாத்துகிற சத்தம், பல் டாக்டராக இருக்கலாம், தூரிகையின் நுனி காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே தந்தத்தில் ஒரு மூடிய வாய், எதிரே ஒரு மூடிய வாய், அதன் ஓரத்தைக் கொஞ்சம் மேலே வளைக்க எனக்குத் தோதாக ஒரு வார்த்தை தேட வேண்டும் என்று முதல்தடவையாகத் தோன்றவில்லை.

“போறியா?” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். ஸ்டூல் இல்லை, வாட்ச்மேன் இல்லை.

அவள் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“போறேன்” என்றாள். “நீ வர வேண்டாம்.”