தேரிக்காட்டு ஓலை முடிச்சு

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டதாம். மாப்பிள்ளை முன்னால் தேரி மணல்மேடுகள் வழியாக நடந்து வருகிறாராம், வீட்டார் பின்னால் வருகிறார்களாம். சைக்கிளில் வந்தவர் இதைச் சொன்னதும் பால்துரை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

மாப்பிள்ளை தேவமணி தூத்துக்குடிக்காரன், தூரத்து உறவு. பால்துரையின் தங்கை கிருபைக்கும் அவனுக்கும் அன்று மாலை நிச்சயம். ஆண்கள் இருவருக்கும் துறைமுகத்தில் ஒரே கப்பல் ஏஜென்ஸியில் வேலை. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே ஓர் ஆட்டம் ஆடுவார்கள். எழுபத்தெட்டில் சரக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் கற்றுக்கொடுத்தது. ஒருவன் ஒரு காட்டைக் கற்பனை செய்து சொல்ல வேண்டும், மற்றவன் அதில் நடக்க வேண்டும், எல்லாம் வாயாலேதான். எந்த ஜந்து எப்போது எதிர்ப்படும் என்பதைப் பகடை முடிவு செய்யும்.

காட்டைச் சொல்பவன் பால்துரை. முதலில் அவன் ஜந்துக்கள் சப்பென்றிருந்தன. பகடை விழும், ஜந்து வரும், ஒரே வெட்டு. “கோழிக்கடை மாதிரில்லா இருக்கு அத்தான்” என்றான் தேவமணி.

ரோஷம் வந்து, பால்துரை தன் ஊரான உடன்குடியின் செம்மணல் தேரியையே காடாக்கினான். ஜந்துவுக்கு முன்னால் அதன் அடையாளம் வர வேண்டும், பயத்தோடு ஆசையும் காட்ட வேண்டும் என்று யோசித்து, மணலுக்கடியில் முத்தைக் காத்துக் கிடக்கும் ஒன்றை அமைத்தான். அடையாளம், வழியில் நட்ட குச்சியில் முடிச்சுப் போட்ட பனையோலை. முடிச்சை அவிழ்த்துவிட்டு நேரே நடப்பவனுக்கே முத்து.

முடிச்சு மட்டும் கற்பனையில்லை. பனங்கட்டை போட்டு மூடிய பழைய கிணறுகள் மேல் மணல் ஏறிவிடும். அங்கே கால் வைக்காதே என்றுதான் ஊரார் ஓலையை முடிந்து வைப்பார்கள். ஆட்டம் சூடுபிடிக்க அதை அவன் தலைகீழாக்கியிருந்தான். டவுன்காரனிடம் உண்மையைச் சொன்னதில்லை.

பால்துரை ஓடினான்.

மணல்மேட்டைத் தாண்டியதும் தேவமணி தெரிந்தான். இடுப்பு வரை மணலுக்குள் நின்றான். கையில் அவிழ்த்த ஓலை, முகத்தில் சிரிப்பு.

“நிச்சயத்தன்னைக்கு நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கிய அத்தான். கீழ என்னமோ முறியுது. ஜந்து எப்ப வரும்?”

உண்மையைச் சொன்னால் துள்ளுவான். துள்ளினால் மிச்சக் கட்டையும் போய்விடும். பால்துரை மூச்சை அடக்கி, சனிக்கிழமைக் குரலில் பேசினான்.

“அது முழிச்சிட்டு மாப்ள. அசைஞ்சா இழுத்துரும். பகடைய நான் உருட்டுதேன், நீ சிலை கணக்கா நில்லு.”

குப்புறப் படுத்து, காய்ந்த பனைமட்டை ஒன்றை நீட்டினான். மட்டையின் ரம்பப் பல் போன்ற கருக்கு உள்ளங்கையைக் கிழித்தது.

“ஆறு விழுந்திருக்கு. இப்பப் பிடி.”

தேவமணி வெளியே வந்து விழுந்ததும் அவன் நின்ற இடம் குழிந்து உள்ளே இறங்கியது. கட்டை கிணற்றின் அடியில் மோதிய சத்தம் தாமதமாகத்தான் கேட்டது. தேவமணியின் சிரிப்பு அணைந்துவிட்டது. பால்துரை ஓலையை வாங்கி மறுபடி முடிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

“அத்தான், இது ரெண்டாவது. வாற வழியில ஒண்ண அவுத்துட்டேன். மேல நடந்தும் பாத்தேன், ஒண்ணும் ஆகல.”

“எங்கன?”

தேவமணி திரும்பிப் பார்த்தான். எந்தப் பக்கமும் ஒரே செம்மணல். காற்று அவன் காலடிகளைத் தூர்த்திருந்தது.

தூரத்து மேட்டில் மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளங்களோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்த தேவமணியின் அம்மா, மகனைக் கண்டு கையசைத்துவிட்டு, நடையை எட்டிப் போட்டாள்.