பேரிங் பார்க்கும் கை

இருபத்திரண்டு வருஷம் கப்பல் பட்டறைகளில் இரும்பு வெட்டும் கிரைண்டர் பிடித்த கை கோதண்டத்துடையது. அந்த அதிர்வே கடைசியில் அவர் நரம்பைத் தின்றுவிட்டது. வலது கையில் நான்கு விரல்களும் மரத்துப் போய் ஆறு மாதம் ஆகிறது. மனுஷர் வாயைத் திறந்தாரா? வீட்டில் "கான்ட்ராக்ட் முட்ஞ்சிட்ச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசாமி!

இப்போது காட்டுப்பள்ளிக் கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை போய்த் தகடு வெட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காக வெட்டினால் வேலை.

அதற்குள் மகள் எழில்மொழியின் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. திருவொற்றியூர் வெயிலில் பெட்டி கொதித்து, பாதி வேலையில் அணைந்துவிடுகிறது. பெட்டியின் பக்கத் தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு இன்னொரு ஃபேன் மாட்ட வேண்டுமாம்.

"கடைல குட்த்துடலாம் நைனா" என்றாள்.

"நான் கீறப்போ கடையா? இன்னா பேச்சு பேசுறே?" என்று குதித்தார். இந்த வட்டம் நேராக வந்தால் திங்கட்கிழமை தைரியமாகப் போகலாம் என்று அவருக்குள் ஒரு நப்பாசை. வராவிட்டால் என்ன என்பதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ராயபுரத்தில் ஹுமாயூன் பாயின் பழைய மெஷின் கடைக்கு அப்பாவும் மகளும் போனார்கள். கோதண்டம் பழக்க தோஷத்தில் கிரைண்டரைத் தூக்கினார்.

"அத்த வையி மாமு" என்றார் பாய். "மெல்லிசு தகடு. பெயின்டு கருகிடும், வட்டமும் கோணிக்கும். ட்ரில்லுல மாட்ற வட்ட ரம்பம் இந்த சைசுல எங்கிட்ட இல்ல. ஜிக்சா எட்த்துக்கோ. பொடிப் பல்லு பிளேடு போட்டு மெதுவா ஓட்டு."

பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கிற ஜிக்சா மெஷினில் நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். எது நல்லது என்று பாய் சொல்லவில்லை. கோதண்டத்திடம் அவர் சொன்னதே கிடையாது. ஓடுகிற மெஷின்மேல் இரண்டு விரலை வைத்தே உள்ளே சுழல்கிற பேரிங் தேய்ந்து ஆடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் கோதண்டம். அந்தக் கடையில் அது ஒரு வேடிக்கை. வாங்க வந்தவர்கள்கூட, "அண்ணாத்த, இத்தயும் தொட்டுப் பாரு" என்று நீட்டுவார்கள். அன்றைக்கும் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

பாய் நீலத்தை ஓட்டினார். கோதண்டம் விரலை வைத்தார். ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பிலும் தெரியவில்லை.

"நீலம்தான் சுத்தமா கீது" என்று அடித்துவிட்டார்.

பாயின் முகம் சுண்டிப் போனது. "இன்னொரு தபா பாரேன் மாமு."

எழில்மொழியும் நீலத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நைனா, இது கைய உதறுதே."

"உனக்கு இன்னாம்மே தெரியும்? நான் சொன்னா சொன்னதுதான்!"

நாலு பேர் எதிரில் விட்டுக்கொடுக்காமல் பாய் நீலத்தையே எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மாடியில் வைத்து வெட்டினார். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் எழில்மொழி முன்பே கழற்றி எடுத்திருந்தாள். தகட்டில் டேப் ஒட்டி, மேலே வட்டம் போட்டுக் கொடுத்தாள். கால்வாசி வரைக்கும் கோட்டோடுதான் போனது. பிறகு பிளேடு துள்ள ஆரம்பித்தது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதே அவருக்குப் புரியவில்லை. நிறுத்தியபோது வட்டம், யாரோ கடித்து வைத்த அப்பளம் மாதிரி இருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

எழில்மொழி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் கறுப்பு ஜிக்சா இருந்தது. "கெளம்பறப்போ பாய் எங்கிட்ட குட்த்தாரு. நைனா கைய பாத்துக்கோன்னாரு."

கோதண்டத்துக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எத்தனை வருஷப் பெயர்! அது போய்விட்டது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். "கைய தரைல வெச்சு கண்ண மூடு. எந்த வெரல தொட்றேன்னு சொல்லு."

"சின்னப் புள்ள வெளயாட்டா கீதே" என்று முணுமுணுத்தபடி கண்ணை மூடினார். ஒரு விரலாவது சொல்லிவிட வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று போனது. அதன் பின்னால் இன்னொன்றும் போனது.

"இன்னாம்மே எம்மா நேரம்? சீக்கிரம் தொடு" என்றார்.

பொறுக்காமல் கண்ணைத் திறந்தார். அவருடைய நான்கு விரல்களும் மகளின் கைப்பிடிக்குள் இருந்தன. அவள் நகம் பதிந்து தோல் சிவந்திருந்தது.

"அப்பவே புட்ச்சுகினுதான் நைனா கீறேன்" என்றாள்.

கோதண்டம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.